காஞ்சனாபுரியில் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் புக்கிட் காயூ ஈத்தாமில், மலேசிய-தாய்லாந்து எல்லையில், நம் நாட்டுக் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஹாட்யாயில் சாப்பிட்டுச் சாமான் வாங்கித் திரும்பிய காலம் போய், ஹுவா ஹின், காஞ்சனாபுரி என்று சொந்தக் காரில் நெடுந்தூரம் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவிட்டன. பத்திரிகைகளில் வரும் சுற்றுலாக் குறிப்புகளும் அவர்களுக்கு வழி சொல்கின்றன: ஆற்றுப் பாலம், சாலையோரப் போர்க் கல்லறைத் தோட்டம், மிதக்கும் உணவகம், ஊர் திரும்பல். இந்த வரிசையில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதையில் உழைத்து மடிந்த மலாயாத் தமிழர்கள். அதைச் சரிசெய்யவே இந்தக் கடிதம்.

காஞ்சனாபுரிக் கல்லறைத் தோட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 323ஆம் எண் நெடுஞ்சாலை ஊருக்குள் சேங் சூத்தோ சாலை என்ற பெயரில் போகிறது. அதன் ஓரத்திலேயே, ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. 6,982 பேருக்கான கல்லறைகள் அங்கே உள்ளன. ஐயாயிரத்துக்குச் சற்று அதிகமானோர் பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய காமன்வெல்த் நாட்டவர், மற்றவர்கள் டச்சுக்காரர்கள். புல்வெளியில் முழங்காலுக்கும் கீழான உயரத்தில் சாய்வான கற்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெண்கலத் தகடு, அதில் படையணிச் சின்னம், பெயர், வயது, இறந்த நாள். பகுதி, வரிசை, கல்லறை என்ற முறையில் எண்ணிட்டிருக்கிறார்கள். வாயிற்கட்டடத்தில் இருக்கும் பதிவேட்டைப் பார்த்தால் எந்தக் கல்லையும் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம்.

பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் இரண்டு விஷயங்கள் அங்கே உண்டு. ஒன்று, வாயிற்கட்டடச் சுவரில் உள்ள காஞ்சனாபுரி நினைவுப் பலகை. பிரிவினைக்கு முந்தைய இந்திய ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்ட அவர்களுடைய கல்லறைகளைத் தனித்தனியே பராமரிக்க முடியாததால் பெயர்களை இங்கே பொறித்தார்கள். மற்றொன்று, தோட்டத்துக்குள் உள்ள இரண்டு பொதுக் கல்லறைகள். 1943 மே, ஜூன் மாதங்களில் பாதை வேலைக்கான நீக்கே போர்க் கைதி முகாமில் வாந்திபேதி பரவியபோது எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் அவற்றில் இருக்கிறது. எரித்து ஒன்றாகிப்போன சாம்பலானாலும் அந்த 300 பெயர்களும் நிழற்குடைப் பலகைகளில் ஒன்று விடாமல் இருக்கின்றன.

அந்தப் பலகைகளின் முன்னால் நம்மவர்கள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதே மழைக்காலத்தில், அதே ஓடைத் தண்ணீரைக் குடித்து, அதே வாந்திபேதியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு பெயர்கூட இல்லை.

காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் வெறும் மனக்குறையோடு திரும்புவதில் பயனில்லை. கல்லறைகள் அமைப்பதில் ஆணையத்தின் பொறுப்பு பெரும்பாலும் படைகளைச் சேர்ந்தவர்களுக்கே. தோட்டத் தொழிலாளி சட்டப்படி குடிமகன், படைவீரன் இல்லை. அடுத்தது, பதிவு. போர்க் கைதிகளுக்குள் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார், எங்கே, எந்த நாளில் புதைக்கப்பட்டார் என்று ரகசியமாக எழுதி, மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒளித்துவைத்தார்கள். போர் முடிந்ததும் 1945இல் கல்லறை தேடும் குழு அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டே பாதை நெடுகப் போய் உடல்களை அடையாளம் கண்டது. நம்மவர் முகாம்களில் பெயர் எழுத ஆளில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் ஆளில்லை. கைதிகள் முகாம்களில் அந்த ஒரு கட்டுப்பாடு பல உயிர்களைக் காப்பாற்றியது. நம்மவர் முகாமில் குடும்பம் குடும்பமாக ஓடைத் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்தார்கள். இறந்தவர்களைப் பொதுக் குழியில் தள்ளினார்கள், அல்லது எரித்தார்கள்.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பான் போங் ஊருக்குப் பக்கத்தில் நோங் பிளாடுக்கில் தொடங்கி பர்மாவின் தன்பியூசயாட் வரை பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் இரு முனைத் தண்டவாளங்களும் கொன்கொய்த்தாவில் சேர்ந்தன. வேலை செய்த போர்க் கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேல், இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர், அவர்களில் இறந்தவர்கள் 90 ஆயிரம் வரை இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். ஜப்பானியர் வந்தபிறகு ரப்பருக்குச் சந்தை இல்லை, தோட்டங்களில் வேலையும் இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் முதலில். ஆள் கிடைக்காமல் போனதும் தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆக, காஞ்சனாபுரியில் நம்மவர்களுக்காக நிற்க வேண்டிய இடம் எது? தவோன் வரராம் கோயில். வியட்நாமிய பௌத்தர்களின் கோயில் என்பதால் உள்ளூரில் ‘வாட் யுவான்’ என்று கேட்டால் எளிதில் வழி சொல்வார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து அதிக தூரமில்லை. பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை வைத்த தூபி அங்கே இருக்கிறது. தமிழ் அமைப்புகளின் முயற்சியிலும் தமிழ்நாடு அரசின் நிதியுதவியிலும் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் அந்தக் கோயில் வளாகத்திலேயே அண்மை ஆண்டுகளில் எழுந்திருக்கிறது. மெழுகுவத்தி, கற்பூரம், படையல் என்று எதைச் செய்ய நினைத்தாலும் அதற்குரிய இடம் இதுதான். பத்து வண்டிகளில் ஒரு வண்டிகூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பதுதான் வேதனை.

இரண்டாவது இடம், பாலத்துக்கு அருகில் ஆற்றோரச் சாலையில் ஜப்பானியப் படையின் ரயில்வே பிரிவு 1944இல் எழுப்பிய நினைவுத் தூண். கட்டியவர்கள் யார் என்ற கோபத்தோடு ஒதுக்கிவிடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். சுற்றுச்சுவர் மூலைகளில் பல மொழிகளில் கல்வெட்டுகள் பதித்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்று தமிழ். இந்தப் பாதையில் தமிழன் உழைத்து மடிந்தான் என்பதற்கு அந்தக் காலத்திலேயே, அதுவும் வேலை வாங்கியவர்களே வைத்த கற்சான்று அது. உச்சி வெயில் நேரே விழும்போது எழுத்துகள் தட்டையாகத் தெரியும், படமும் வெளிறிப்போகும். காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போனால் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் வரிகள் எழுந்து நிற்கும். நேரம் தவறிவிட்டால் கைபேசி விளக்கைக் கல்லுக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், அதே பலன் கிடைக்கும். எழுத்தை எடுப்பாகக் காட்ட சுண்ணாம்போ மாவோ தேய்க்க வேண்டாம். அது குழிகளில் தங்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, கல்லை அரித்துவிடும்.

பாலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வளைந்த இரும்புச் சட்டங்கள் போர்க்காலத்தவை, ஜாவாவிலிருந்து கொண்டுவந்து பூட்டியவை. நடுவில் கோண வடிவில் இருக்கும் இரண்டு கண்கள் குண்டுவீச்சில் விழுந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. ரயில் இன்றும் ஓடுகிறது. தண்டவாளத்தில் குழந்தைகளை உட்காரவைத்துப் படம் எடுப்பவர்கள் ஓரத்தில் இருக்கும் ஒதுங்கு மேடை எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அதே 323ஆம் சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வடக்கே போனால், ரயில் பாதைக்காகப் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் பாஸ். தாய்லாந்து மொழிப் பலகையில் ‘சோங் காவ் காட்’. ஆஸ்திரேலிய அரசு நடத்தும் அருங்காட்சியகம், கட்டணமில்லை, காலை 9 முதல் மாலை 4 வரை. தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதைக் கடிகாரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். காஞ்சனாபுரியிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்புவது நல்லது, மதியத்துக்கு மேல் படிகளில் இறங்கி ஏறுவது வயதானவர்களுக்கு ஆகாது. வாசலில் ஒலி வழிகாட்டிக் கருவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நடந்தால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து என்பதற்குமேல் எதுவும் தெரியாது.

அங்குள்ள பெரிய வெட்டு 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். இயந்திரத்தின் உதவி சொற்பம். ஒருவர் எஃகு உளிக்கம்பியை நிமிர்த்திப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் திருப்புவார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். துளை ஒரு மீட்டர் ஆழம் போனதும் வெடிமருந்து நிரப்பித் தகர்ப்பார்கள், சிதறிய கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டுவார்கள். 1943 ஏப்ரல் கடைசியில் தொடங்கிய வெட்டு சுமார் 12 வாரங்களில் முடிந்தது. இரவு வேலைக்குத் தீப்பந்தங்கள் ஏற்றினார்கள், அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான உருவங்கள் அசைந்த காட்சிதான் இடத்துக்கு ‘ஹெல்ஃபயர்’, அதாவது நரக நெருப்பு, என்று பெயரானது. பாறைச் சுவரைக் கைக்கெட்டும் உயரத்தில் பார்த்துக்கொண்டே வாருங்கள். செங்குத்தான பாதித் துளைகள் வரிவரியாகத் தெரியும். ஓரிடத்தில் முறிந்துபோன துளைக்கம்பி ஒன்று பாறைக்குள்ளேயே செருகி நிற்கிறது. தொட வேண்டாம். எண்பது ஆண்டுத் துரு, பல ஆயிரம் கைகளின் வியர்வை பட்டால் தாங்காது. தடத்தில் கிடக்கும் சரளைக்கல்லை நினைவாக எடுத்துவருவதும் வேண்டாம்.

இந்த வெட்டைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் போர்க் கைதிகள். இதற்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் காடு வெட்டி, மண் சுமந்து, பாலம் கட்டிய தமிழர்களின் முகாம்கள் இன்று காடாகக் கிடக்கின்றன. மேல்பகுதியில் தடத்தின் பெரும்பகுதி வஜிரலோங்கோன் அணையின் நீருக்குள் போய்விட்டது. எனவே ஹெல்ஃபயர் பாஸில் நடக்கிற வாய்ப்பு, எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான ஒரு பாறையைப் பார்க்கிற வாய்ப்பு என்றே கொள்ள வேண்டும். சாய் யோக் தாண்டி சங்க்லாபுரி வரை போக நினைப்பவர்கள் இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். வளைவுகளில் சரக்கு லாரிகள் வரும், விளக்குக் கம்பங்கள் இல்லை. வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு, கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

இனி, வண்டி எடுப்பவர்களுக்கு. எல்லையிலிருந்து காஞ்சனாபுரி ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கும். ஹாட்யாய், பத்தலுங், அங்கிருந்து 41ஆம் சாலையில் சூராட்தானி வழியாகச் சும்போன், பிறகு 4ஆம் சாலையில் ஹுவா ஹின், ராட்சபுரி, பான் போங். அங்கே 323இல் திரும்ப வேண்டும். ஒரே நாளில் ஓட்ட முயலாதீர்கள். சும்போனில் தங்கினால் பாதிக்கு மேல் வந்தாயிற்று. நம்மவர்களைச் சரக்கு ரயிலின் இரும்புப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோய்ப் பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவைத்தார்கள். பல நாள் நீண்ட அந்த ரயில் பயணத்தின் திசையில்தான் நாம் குளிர்காற்றோடு காரில் போகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சும்போனும் இந்தக் கதைக்குள் வரும் ஊர்தான். அங்கிருந்து கிரா பூசந்தியின் குறுக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டருக்கு ஜப்பானியர் 1943இல் போட்ட இன்னொரு ரயில் பாதையிலும் மலாயாத் தமிழர்களே அதிகம் உழைத்தார்கள்.

எல்லையில் தாமதம் ஏற்படுவது பெரும்பாலும் தாள்களால்தான். கார் கிராண்ட், அதாவது உரிமைச் சான்றிதழ், வேண்டும். கார் வேறொருவர் பெயரிலோ வங்கிக் கடனிலோ இருந்தால் உரிய அனுமதிக் கடிதம் வேண்டும். நம் நாட்டுக் காப்புறுதி தாய்லாந்தில் தானாகச் செல்லாது, கிளம்புமுன் காப்புறுதி நிறுவனத்திடம் தாய்லாந்துக்கு நீட்டிப்பு வாங்குங்கள். அதோடு தாய்லாந்தின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் எடுக்க வேண்டும், எல்லைக்கு முன்னால் நம் பக்கம் இருக்கும் சங்லூன் ஊர்க் கடைகளில் எடுத்துக்கொள்ளலாம். 2025 மே 1 முதல் ஒவ்வொருவரும் மின்னியல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து. பயணத்துக்கு மூன்று நாளுக்குள் தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் எதுவும் உண்மையானதில்லை. எல்லையில் காருக்குக் கொடுக்கும் தற்காலிக அனுமதித் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். திரும்பும்போது அதை ஒப்படைக்காவிட்டாலும், தேதி தாண்டினாலும் அபராதம்.

வழிபாடு பற்றிச் சொல்வதில் யாரும் மனம் வருந்த வேண்டாம். போர்க் கல்லறைத் தோட்டத்தில் கற்பூரம் ஏற்றுவது, தேங்காய் உடைப்பது கூடாது. புல் கருகிப்போகும், அது பிற சமயத்தவரின் கல்லறையும்கூட. அங்கே உதிரிப் பூ போதும், பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள். கோயிலில் நடுகல்லுக்குப் படைக்க விரும்பினால் முதலில் பிக்குகளிடம் அனுமதி கேளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கற்பூரத்தைக் கல்லின் மேல் நேரடியாக ஏற்றாமல் வீட்டிலிருந்து ஒரு பித்தளைத் தட்டு கொண்டுபோய் அதில் ஏற்றுங்கள். கல்லில் எண்ணெய், சந்தனம், குங்குமம் பூச வேண்டாம். எண்ணெய் கல்லின் நுண்துளைகளில் இறங்கிவிட்டால் பிறகு எந்தச் சோப்புக்கும் வராது, அதன்மேல் தூசி ஒட்டிச் சில ஆண்டுகளில் எழுத்தே மறைந்துவிடும். படையலை இலையில் வைத்து, முடிந்ததும் மிச்சத்தைத் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள். விட்டுவந்த சோற்றுக்கு நாயும் எறும்பும் வரும், அடுத்த தமிழ்க் குடும்பத்துக்கு அனுமதி மறுக்கப்படும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். 300 பேரின் சாம்பலுக்குப் பெயர்ப் பலகை இருப்பது, யாரோ ஒருவர் அன்றைக்கே எழுதிவைத்ததால். நம்மவர் பெயர்களை இனி எழுதுவதானால் அவை இருப்பது குடும்பங்களின் வாய்மொழியில் மட்டும்தான். திரும்பிவந்தவர்களில் இன்று மிகச் சிலரே இருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கே எண்பதை நெருங்கும் வயது. தங்கள் பத்திரிகை ஞாயிறுதோறும் கால் பக்கம் ஒதுக்கி, சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை வெளியிட முடியுமா? ‘என் தாத்தா சயாமில் இறந்தார்’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆய்வாளர் எதையும் தேட முடியாது. ஆகவே வாசகர்களிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: போனவரின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், அப்போதைய வயது, தோட்டத்தின் பெயரும் மாநிலமும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் வைத்த பெயர் ஒன்று என்று இரண்டு இருக்கும், இரண்டும் வேண்டும். கங்காணி யார், எந்த மாதம் ஏற்றினார்கள், கூடப் போனவர்கள் யார், திரும்பினாரா, திரும்பாவிட்டால் சாவுச் செய்தியை யார் கொண்டுவந்தார். கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. செய்தி கொண்டுவந்தவர் இருந்த முகாமின் பெயர் அந்தக் குடும்பத்தில் யாருக்காவது நினைவிருக்கலாம், அதிலிருந்து இறந்தவரின் முகாமும் தெரியவரும். பழைய செக்ரோல் புத்தகம் (தோட்டத் தொழிலாளர் வருகைப் பதிவேடு), ஜப்பானியர் காலத்துச் சீட்டு, புகைப்படம் எது இருந்தாலும் அசலைத் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள். சன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து, பின்பக்கக் கையெழுத்து தெரியும்படி அனுப்பினால் போதும்.

இங்ஙனம்,
வாசகர், சுங்கை சிப்புட், பேரா